வரைபடத்தில் தரநிலையின் பெயரும் ஆண்டும்

எந்திர உறுப்பு ஒன்றின் வரைபடத்தில் தண்டின் விட்டம் 20 மி.மீ. என்று குறிக்கப்பட்டுள்ளது. அவ்வளவு எந்த மட்டும் குறையலாம் என்பதும் அருகில் எழுதப்பட்டுள்ளது. கடைசல் தொழிலாளி தண்டைக் கடைந்து முடிக்கிறார். பரிசோதகர் மைக்ரோமீட்டரைக் கொண்டு தண்டின் நீளம் நெடுகிலும் பத்து இடங்களில் அளக்கிறார். பத்து அளவுகளும் வரம்பிற்குள் அமைந்துள்ளன. தண்டு தேறியதா, இல்லையா?

தேறியது என்றே பலரும் விடையளிப்பர். ஆயினும் அவ்விடை முழுமையானதன்று. அவ்வரைபடம் எந்தத் தரநிலையின்படி வரையப்பட்டது, அத்தரநிலையின் எந்த ஆண்டுப் பதிப்பு கைக்கொள்ளப்பட்டது என்னும் இரண்டையும் அறியாமல் இக்கேள்விக்கு விடை கூற இயலாது. ஒரு தரநிலையின்படி அத்தண்டு ஏற்கத்தக்கது. மற்றொன்றின்படி அதே தண்டு தள்ளத்தக்கது. வரைபடத்தில் உள்ள எண் இரண்டிலும் ஒன்றே.

எனவே, வரைபடத்தின் தலைப்புக் கட்டத்தில் தரநிலையின் பெயரையும் ஆண்டையும் எழுதுவது வெறும் அலுவலகச் சடங்கன்று. வரைபடத்திலுள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் பொருள் தருவது அந்த ஒரு வரியே. இவ்வுண்மையைத் தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர்களும், சிறுதொழில் கூடங்களுக்கு ஆலோசனை கூறும் அலுவலர்களும் தெளிவாக உணர்ந்திருத்தல் வேண்டும்.

பல நாட்டு வரைபடங்கள் கூடிய நகரம்

இப்பொருளை ஆராய்வதற்குப் பெங்களூரைப் போல் பொருத்தமான இடம் நம் நாட்டில் அரிது. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்தின் முயற்சியாலும் மைசூர் அரசின் ஒத்துழைப்பாலும் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை இங்கே நிறுவப்பட்டது. 1948-இல் பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப உதவியோடு இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை தோன்றியது. 1953-இல் ஸ்விட்சர்லாந்தின் ஓர்லிகன் நிறுவனத்தின் கூட்டுறவுடன் ஜாலஹள்ளியில் இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் அமைந்தது. 1954-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் பிரான்சு நாட்டு சி.எஸ்.எஃப். நிறுவனத்தின் துணையோடு தொடங்கப்பெற்றது. 1961-இல் ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் உதவியால் கைக்கடிகார உற்பத்தி ஆரம்பமாயிற்று.

விமானத் தொழிற்சாலை ஒன்றிலேயே இப்பன்மை நன்கு விளங்கும். பிரிட்டனில் உருவான நேட் என்னும் சிறு போர் விமானத்தைக் கட்டுவதற்கு 1956-இல் உரிமம் பெறப்பட்டது. அதே ஆண்டில் ஜெர்மானியப் பொறியியலாளர் குர்ட் டாங்க் தம் குழுவினருடன் பெங்களூர் வந்தார். அவர் தலைமையில் வடிவமைக்கப்பட்ட மாருத் விமானம் 1961 ஜூன் 17-ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது. 1962-இல் பிரெஞ்சு ஹெலிகாப்டர் ஒன்றினைக் கட்டவும் உரிமம் பெறப்பட்டது. பிரிட்டிஷ் தொழில்துறை அக்காலத்தில் அங்குலத்தில் அளந்தது. ஐரோப்பியக் கண்டத்து நாடுகள் மில்லிமீட்டரில் அளந்தன. இவற்றிற்கிடையே இந்தியாவில் 1956-ஆம் ஆண்டின் எடை, அளவைத் தரங்கள் சட்டம் நிறைவேறி, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது.

இவ்வாறு வேறுபட்ட வழக்கங்கள் ஒரே நகரத்தில் சந்தித்தபோது, அவற்றை ஒழுங்குபடுத்தும் தேவை எழுந்தது. 1947-இல் நிறுவப்பட்ட இந்தியத் தர நிர்ணய நிறுவனம் பொறியியல் வரைபடங்களுக்கான ஐ.எஸ். 696 என்னும் நடைமுறை ஏட்டை 1955-இல் வெளியிட்டது. 1960-இல் அது திருத்தப்பட்டது. துளைக்கும் தண்டுக்கும் உரிய வரம்புகளையும் பொருத்தங்களையும் கூறும் ஐ.எஸ். 919-இன் திருத்திய பதிப்பு 1963-இல் வெளிவந்தது. 1962-இல் பெங்களூரில் மத்திய எந்திரக் கருவி நிலையம் நிறுவப்பட்டது. மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிலையம் என்ற பெயருடன் இன்று விளங்கும் அது, நுண்ணளவியல் துறையிலும் பணியாற்றி வருகிறது.

இன்று நிலைமை எளிதாகிவிடவில்லை. பீன்யா தொழிற்பேட்டையிலுள்ள ஒரு சிறு பட்டறைக்கு ஒரே வாரத்தில் அமெரிக்க வாடிக்கையாளரின் வரைபடம் ஒன்றும், ஜெர்மானிய வாடிக்கையாளரின் வரைபடம் ஒன்றும், உள்நாட்டு நிறுவனத்தின் வரைபடம் ஒன்றும் வந்து சேரக்கூடும். மூன்றிலும் கோடுகள் ஒன்றுபோலவே தோன்றும். குறிகளும் பெரும்பாலும் ஒன்றே. ஆனால் அவற்றின் பின்னால் நிற்கும் விதிகள் ஒன்றல்ல.

அளவும் வடிவமும்

வேற்றுமையின் வேர் எங்கே உள்ளது என்பதை அறிய, அளவு என்பதும் வடிவம் என்பதும் வெவ்வேறு பண்புகள் என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். ஒரு தண்டின் விட்டம் அதன் அளவு. அது நேராக உள்ளதா, குறுக்குவெட்டு வட்டமாக உள்ளதா என்பன அதன் வடிவம். பட்டறைகளில் டாலரன்ஸ் என வழங்கும் பொறுதி, அளவுக்கு மட்டும் கொடுக்கப்பட்டிருக்கையில், அது வடிவத்தையும் கட்டுப்படுத்துமா என்பதே கேள்வி.

இதற்கு இரண்டு விடைகள் உண்டு.

முதலாவது, உறை விதி. இங்கிலாந்தில் வில்லியம் டெய்லர் என்பவர் 1905-இல் கேஜ்களுக்கு வகுத்த விதியே இதன் அடிப்படை. தண்டின் அளவு எந்த இடத்திலும் கீழ்வரம்பிற்குக் குறைதல் கூடாது. அத்துடன், தண்டு முழுவதும், மேல்வரம்பின் அளவுடைய குறையற்ற உருளை ஒன்றினுள் அடங்குதல் வேண்டும். அவ்வுருளை ஓர் உறை போன்றது. தண்டு வளைந்திருப்பினும், கோணலாக இருப்பினும், அவ்வுறைக்குள் நுழையாவிடில் அது தள்ளத்தக்கது. முழு நீளமுள்ள ‘கோ’ கேஜ் செய்யும் வேலை இதுவே. இவ்விதியின்படி, அளவுக்குரிய பொறுதி வடிவத்தையும் கட்டுப்படுத்துகிறது.

இரண்டாவது, தனிநிலை விதி. இதன்படி, வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு கட்டளையும் தனித்தனியே நிறைவேற வேண்டும்; ஒன்று மற்றொன்றைக் கட்டுப்படுத்தாது. விட்டத்திற்குக் கொடுத்த பொறுதி, எதிரெதிரான இரு புள்ளிகளுக்கிடையே அளக்கப்படும் அளவை மட்டுமே கட்டுப்படுத்தும். வடிவம் கட்டுப்பட வேண்டுமாயின், அதற்கெனத் தனியே ஒரு பொறுதி கூறப்படுதல் வேண்டும்.

அமெரிக்க எந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் ஒய் 14.5 தரநிலை முதல் விதியைக் கைக்கொள்கிறது. அது அத்தரநிலையில் ‘முதல் எண் விதி’ என்றே அறியப்படும். கம்பி, தகடு முதலிய வாங்கிய நிலைச் சரக்குகளும், தாமாகவே வளையும் உறுப்புகளும் அதற்கு விலக்கு. உலகத் தர நிர்ணய நிறுவனத்தின் ஐ.எஸ்.ஓ. 8015 தரநிலை இரண்டாம் விதியை அடிப்படையாக உடையது. அதன்படி உறை விதி தேவைப்படும் இடத்தில், அளவின் அருகே வட்டத்துக்குள் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்தை இடுதல் வேண்டும். அமெரிக்க முறையிலோ, உறை விதி வேண்டாத இடத்தில் வட்டத்துக்குள் ‘ஐ’ என்னும் எழுத்தை இடும் வழக்கம் 2009-ஆம் ஆண்டுப் பதிப்பில் புகுத்தப்பட்டது. ஆக, ஒரு முறையில் குறி இல்லாமை எதைக் குறிக்கிறதோ, அதற்கு நேர்மாறானதை மற்ற முறையில் குறி இல்லாமை குறிக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு

200 மி.மீ. நீளமுள்ள ஒரு தண்டின் விட்டம் 20, சிறிய எச் 7 எனக் குறிக்கப்பட்டுள்ளது. அட்டவணையின்படி அதன் மேல்வரம்பு 20.000 மி.மீ.; கீழ்வரம்பு 19.979 மி.மீ. இத்தண்டு செல்ல வேண்டிய புஷ்ஷின் துளை 20, பெரிய எச் 7. அதன் கீழ்வரம்பு 20.000 மி.மீ.; மேல்வரம்பு 20.021 மி.மீ. புஷ்ஷும் தண்டின் நீளமே உடையது எனக் கொள்க.

செய்து முடித்த தண்டை மைக்ரோமீட்டரால் அளந்தால் எல்லா இடங்களிலும் 19.990 மி.மீ. காட்டுகிறது. ஆனால் தண்டு நடுவில் 0.05 மி.மீ. வளைந்துள்ளது. எனவே அது அடங்கக்கூடிய மிகச் சிறிய நேர் உருளையின் விட்டம் ஏறத்தாழ 19.990 + 0.050 = 20.040 மி.மீ.

உறை விதியின்படி தண்டு 20.000 மி.மீ. உருளைக்குள் அடங்க வேண்டும். அது அடங்கவில்லை. ஆகவே தண்டு தள்ளத்தக்கது.

தனிநிலை விதியின்படி ஒவ்வோர் இடத்திலும் விட்டம் வரம்பிற்குள் உள்ளது. எனவே அளவைப் பொறுத்தவரை தண்டு ஏற்கத்தக்கது. நேர்மைக்குத் தனியே பொறுதி கூறப்படாமல், தலைப்புக் கட்டத்தில் ஐ.எஸ்.ஓ. 2768-இன் ‘எம் கே’ வகுப்பு மட்டும் குறிக்கப்பட்டிருந்தால், 100 மி.மீட்டருக்கு மேல் 300 மி.மீ. வரையுள்ள நீளத்திற்கு 0.4 மி.மீ. வளைவு வரை அனுமதி உண்டு. 0.05 அதில் எட்டில் ஒரு பங்கே. தண்டு தேறிவிட்டது.

ஆனால் புஷ்ஷின் துளை தன் மேல்வரம்பான 20.021 மி.மீட்டரில் இருந்தாலும், 20.040 மி.மீ. இடம் வேண்டும் தண்டு அதனுள் செல்லாது. வரைபடத்தின்படி தேறிய இரண்டு உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இங்கே தொழிலாளியின் பிழை ஏதுமில்லை. பரிசோதகரின் பிழையும் இல்லை. பொருந்தி இயங்க வேண்டிய உறுப்பிற்கு உறை விதி தேவை என்பதை வரைபடம் கூறாமல் விட்டதே பிழை. ஐ.எஸ்.ஓ. 2768-இன் 1989-ஆம் ஆண்டு இரண்டாம் பகுதியின்படி, ‘எம் கே’ என்பதன் பின்னர் ஒரு கோடும் ‘ஈ’ என்னும் எழுத்தும் சேர்த்து எழுதியிருந்தால், அவ்வரைபடத்தின் இத்தகைய அளவுகள் அனைத்திற்கும் உறை விதி பொருந்தியிருக்கும். ஓர் எழுத்தின் பெறுமானம் இவ்வளவு.

வளைவைப் போலவே வட்டமின்மையும் மைக்ரோமீட்டரை ஏமாற்றக்கூடியது. சென்டர்லெஸ் கிரைண்டிங்கில் சிலபோது தண்டின் குறுக்குவெட்டு மூன்று அல்லது ஐந்து மழுங்கிய முகடுகளைப் பெறுவதுண்டு. எதிரெதிர்ப் புள்ளிகளுக்கிடையே எங்கு அளந்தாலும் ஒரே அளவு காட்டும். ஆனால் அது வட்டமன்று. அதனை வி-பிளாக்கின் மேல் வைத்து மெல்லச் சுழற்றினால் டயல் கேஜின் முள் ஆடுவது தெரியும். உறை விதி அத்தகைய தண்டைத் தடுக்கும். தனிநிலை விதியில், வட்டத்தன்மைக்கெனக் கட்டளை இல்லாதவரை, அளவின் பொறுதி அதைத் தடுக்காது.

ஆண்டு ஏன் வேண்டும்

தரநிலையின் பெயர் மட்டும் போதாதா, ஆண்டும் வேண்டுமா என்று சிலர் வினவலாம். தரநிலைகள் திருத்தப்படுகின்றன. திருத்தத்தில் சொற்கள் மட்டுமின்றிப் பொருளும் மாறுவதுண்டு.

வரம்புகளையும் பொருத்தங்களையும் பற்றிய ஐ.எஸ்.ஓ. 286-ஐ எடுத்துக்கொள்க. அதன் 1988-ஆம் ஆண்டு முதற்பகுதியே இந்தியாவில் ஐ.எஸ். 919 (பகுதி 1): 1993 என ஏற்கப்பட்டது. அப்பதிப்பின்படி, வரைபடத்தில் 8015 குறிக்கப்படாவிடில், ‘20 சிறிய எச் 7’ என்பதற்கு டெய்லர் விதிப்படி, அதாவது உறை விதிப்படி, பொருள் கொள்ள வேண்டும். 2010-ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்நிலை மாறிற்று. அதே ஆண்டில் வெளியான ஐ.எஸ்.ஓ. 14405-ஐ ஒட்டி, இரு புள்ளிகளுக்கிடையே அளக்கும் அளவே இயல்பான பொருள் என்றாயிற்று. உறை விதி வேண்டுமாயின் வட்டத்துக்குள் ‘ஈ’ இட வேண்டும். எழுத்தும் எண்ணும் மாறவில்லை. வரம்பின் அட்டவணையிலும் 20 சிறிய எச் 7-க்கு அதே 0.021 மி.மீ. தான். பொருள் மட்டும் மாறிவிட்டது. 1995-இல் வரைந்த வரைபடத்தை இன்றைய பதிப்பைக் கொண்டு படிக்கும் பரிசோதகர், வடிவமைத்தவர் தள்ளக் கருதிய உறுப்புகளை ஏற்கக்கூடும்.

ஐ.எஸ்.ஓ. 8015-உம் இவ்வாறே. 1985-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, தனிநிலை விதி பொருந்த வேண்டுமாயின் வரைபடத்தில் 8015 என்று எழுதியாக வேண்டும். 2011-ஆம் ஆண்டுப் பதிப்போ, ஐ.எஸ்.ஓ. அளவீட்டு ஏடுகளில் ஏதேனும் ஒரு பகுதி வரைபடத்தில் கையாளப்பட்டாலே, வேறு கூறப்படாத வரையில், அம்முறை முழுவதும் கையாளப்பட்டதாகும் என்கிறது. வரைபவர் அறியாமலே ஒரு முறைக்கு உட்படும் வாய்ப்பு இதனால் உண்டாகிறது.

அமெரிக்கத் தரநிலையிலிருந்தும் ஒரு சான்று கூறலாம். ஒன்றினுள் ஒன்றாக இரு வட்டங்கள் வரைந்த குறி, 1994, 2009 ஆகிய பதிப்புகளில் ஒருமையத் தன்மையைக் குறித்தது. எதிரெதிர்ப் பரப்புப் புள்ளிகளின் நடுப்புள்ளிகளைக் கண்டு சோதிக்க வேண்டிய, கடினமான சோதனை அது. 2018-ஆம் ஆண்டுப் பதிப்பில் அக்குறி நீக்கப்பட்டது. ஐ.எஸ்.ஓ. 1101 தரநிலையிலோ அதே குறி உண்டு; அங்கு அது அச்சின் இடத்தைக் குறிக்கிறது. ஆகவே, 1994-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி வரைந்த வரைபடத்தில், வேறொன்றையும் மாற்றாமல் ஆண்டை மட்டும் 2018 என்று திருத்தினால், அதிலுள்ள அக்குறி பொருளற்றுப் போகும். ஆண்டைத் திருத்துவது எழுத்தரின் வேலையன்று. வடிவமைப்பாளர் ஒவ்வொரு குறியையும் மறுபடி ஆய்ந்து செய்ய வேண்டிய வேலை.

‘அண்மைப் பதிப்பின்படி’ என்று எழுதுவது வசதியானதாகத் தோன்றும். ஆனால் அவ்வாறு எழுதப்பட்ட வரைபடம் யாரும் கை வைக்காமலே பொருள் மாறிக்கொண்டிருக்கும். ஒரு பதிப்பு வழக்கிலிருந்து நீக்கப்பட்டதாலேயே, அதனைக் குறித்த பழைய வரைபடம் செல்லாததாகிவிடாது என்பதையும் அறிதல் நலம். பொது வடிவப் பொறுதிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 2768-இன் இரண்டாம் பகுதி நீக்கப்பட்டு, 2021-இல் ஐ.எஸ்.ஓ. 22081 வெளிவந்தது. எனினும் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பைப் பெயரிட்டுக் குறித்த வரைபடங்களுக்கு அப்பதிப்பின் அட்டவணையே பொருள் தரும். ஆதலின் பழைய பதிப்புகளையும் பட்டறை நூலகத்தில் பாதுகாத்தல் வேண்டும்.

எழுதப்படாத பொறுதிகள்

வரைபடத்திலுள்ள அளவுகளில் பெரும்பாலானவற்றிற்குத் தனிப் பொறுதி எழுதப்படுவதில்லை. அவற்றிற்குத் தலைப்புக் கட்டத்திலுள்ள பொதுப் பொறுதியே பொருந்தும். இந்தியாவில் இதற்குரிய தரநிலை ஐ.எஸ். 2102. அதன் 1993-ஆம் ஆண்டுப் பகுதிகள் ஐ.எஸ்.ஓ. 2768-ஐ ஒத்தவை. ‘எம்’ என்னும் நடுத்தர வகுப்பில், 6 முதல் 30 மி.மீ. வரை ±0.2, 30 முதல் 120 வரை ±0.3, 120 முதல் 400 வரை ±0.5 மி.மீ. ‘எஃப்’ என்னும் நுண் வகுப்பில் இவை முறையே ±0.1, ±0.15, ±0.2 மி.மீ.

அமெரிக்க அங்குல வரைபடங்களில் வேறொரு வழக்கம் பரவலாக உண்டு. தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கங்கள் உள்ளன என்பதைக் கொண்டு பொதுப் பொறுதி தலைப்புக் கட்டத்தில் தரப்படும். இரு இலக்கமாயின் ±0.01 அங்குலம், மூன்று இலக்கமாயின் ±0.005 அங்குலம் என்பது போன்ற குறிப்பு அங்கிருக்கும். அத்தகைய வரைபடத்தில் 2.50 என்பதும் 2.500 என்பதும் ஒன்றல்ல. கடைசிச் சுழியம் ஒரு கட்டளை.

இவ்வரைபடத்தை நம் பட்டறையில் மில்லிமீட்டருக்கு மாற்றி வரைவதாகக் கொள்க. ஓர் அங்குலம் 25.4 மி.மீ. ஆதலின் 2.500 அங்குலம் 63.5 மி.மீ. ஆகிறது. கணக்கு சரியே. ஆனால் புதிய தாளின் தலைப்புக் கட்டத்தில் ஐ.எஸ். 2102 நடுத்தர வகுப்பு என்று முன்னரே அச்சிடப்பட்டுள்ளது. மூல வரைபடத்தில் அனுமதிக்கப்பட்ட வேறுபாடு ±0.005 அங்குலம், அதாவது ±0.127 மி.மீ. புதிய தாளில் அது ±0.3 மி.மீ. ஆகிவிட்டது. எண்ணைச் சரியாகப் பெயர்த்தவர், விதியைப் பெயர்க்க மறந்தார். உறுப்பின் பொறுதி இரு மடங்கிற்கும் மேலாகத் தளர்ந்துவிட்டது. வாடிக்கையாளரின் பரிசோதனைக் கூடத்தில் சரக்கு முழுவதும் திரும்பும்போதுதான் இது வெளிப்படும். சிறு பட்டறைக்கு அத்தகைய இழப்பு தாங்கற்கரியது.

காட்சிகளை அமைக்கும் முறையும் இவ்வகையைச் சார்ந்ததே. 1955-ஆம் ஆண்டின் ஐ.எஸ். 696 மூன்றாம் கோண வீழல் முறையைப் பரிந்துரைத்தது. 1960-ஆம் ஆண்டுத் திருத்தம் முதற்கோணம், மூன்றாம் கோணம் ஆகிய இரண்டில் எதையும் தெரிந்துகொள்ளும் உரிமையைப் பயன்படுத்துவோருக்கு அளித்தது. பள்ளி, கல்லூரிகளுக்காக 1988-இல் வெளியிடப்பட்ட எஸ்.பி. 46 முதற்கோண முறையையே வலியுறுத்தியது. அமெரிக்க வரைபடங்கள் மூன்றாம் கோண முறையில் அமைவன. வெட்டுண்ட கூம்பின் சிறு குறியைத் தலைப்புக் கட்டத்தில் காணாது உறுப்பைச் செய்தால், வலப்பக்கத்துத் துளை இடப்பக்கத்தில் அமைந்துவிடும்.

குறிப்பை எழுதும் முறை

தரநிலையைக் குறிக்கும் வரி சுருக்கமாகவும் ஐயத்திற்கு இடமின்றியும் இருத்தல் வேண்டும். அளவீட்டுக்கும் வடிவப் பொறுதிக்கும் ஒரு முறையையே தெரிந்தெடுத்து, அதன் எண்ணையும் ஆண்டையும் குறிப்பிடுக. ‘அளவுகளும் பொறுதிகளும் ஏ.எஸ்.எம்.இ. ஒய் 14.5 – 2018-இன்படி’ என்றோ, ‘பொறுதி முறை ஐ.எஸ்.ஓ. 8015: 2011, பொதுப் பொறுதி ஐ.எஸ். 2102 (பகுதி 1): 1993, நடுத்தர வகுப்பு’ என்றோ எழுதலாம். அமெரிக்கத் தரநிலையையும் ஐ.எஸ்.ஓ. தரநிலையையும் ஒரே அளவீட்டிற்கு ஒருங்கே குறித்தல் கூடாது. இரண்டும் முரண்படும் இடத்தில் எது மேற்செல்லும் என்பதை யாரும் தீர்மானிக்க இயலாது. உறுப்பிற்குத் தொடர்பில்லாத தரநிலைகளை வரிசையாக அடுக்குவதும் தீங்கே. படிப்பவர் அவற்றுள் எது தமக்குரியது என்று அறியாமல் அனைத்தையும் புறக்கணிப்பார்.

கள அலுவலர்கள் கவனிக்க வேண்டியவை

சிறுதொழில் கூடங்களுக்குச் செல்லும் அலுவலர்கள், வரைபடம் ஒன்றைக் கையில் எடுத்ததும் உருவத்தைப் பார்ப்பதற்கு முன் தலைப்புக் கட்டத்தைப் படிக்கும் பழக்கத்தை உண்டாக்குதல் வேண்டும். பின்வரும் வினாக்களுக்கு அங்கு விடை காணப்பட வேண்டும்.

1. அளவின் அலகு மில்லிமீட்டரா, அங்குலமா?

2. வீழல் முறை முதற்கோணமா, மூன்றாம் கோணமா?

3. அளவீட்டுத் தரநிலை எது? அதன் ஆண்டு எது?

4. தனியே பொறுதி எழுதப்படாத அளவுகளுக்கு எந்தப் பொதுப் பொறுதி, எந்த வகுப்பு?

5. வரைபடம் மூலமா, மறுபடி வரையப்பட்டதா? மறுபடி வரையப்பட்டதாயின், மூலத்தின் தரநிலைக் குறிப்பு புதிய தாளுக்கும் வந்துள்ளதா?

இவற்றுள் ஏதேனும் ஒன்றிற்கு விடை இல்லாவிடில், வேலையைத் தொடங்குமுன் வாடிக்கையாளரை எழுத்து மூலம் வினவி, விடையையும் எழுத்து மூலமே பெறுதல் வேண்டும். பட்டறையின் வழக்கத்தைக் கொண்டு ஊகித்து நிரப்புதல் ஆகாது. விலைப்புள்ளி கொடுக்கும் நேரத்திலேயே இதனை வினவுவது மிக நன்று. ஏனெனில் உறை விதிக்கு முழு நீள கேஜ் தேவைப்படலாம், அதன் செலவு விலையில் சேர வேண்டும்.

ஆசிரியர்களுக்கு

இப்பாடத்தை மாணவர் உள்ளத்தில் பதிக்க விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. தடித்த அட்டையில் 60 மி.மீ. பக்கமுள்ள சமபக்க முக்கோணம் ஒன்றை வரையச் செய்க. ஒவ்வொரு முனையையும் மையமாகக் கொண்டு, 60 மி.மீ. ஆரத்தில், மற்ற இரு முனைகளையும் இணைக்கும் வில்லை வரையச் செய்க. ஜெர்மானியப் பொறியியலாளர் ரூலோவின் பெயரால் வழங்கும் உருவம் இது. இதனை வெட்டி எடுத்து, வெர்னியர் காலிப்பரின் தாடைகளுக்கிடையே வைத்துத் திருப்பி அளந்தால், எத்திசையிலும் 60 மி.மீ. தான் காட்டும். பின்னர் வேறோர் அட்டையில் 60 மி.மீ. விட்டமுள்ள வட்டத் துளை வெட்டி, இவ்வுருவத்தை அதனுள் இடச் சொல்க. அது நுழையாது. நுழைவதற்கு ஏறத்தாழ 69.3 மி.மீ. விட்டமுள்ள துளை வேண்டும்.

இதைக் கண்ட மாணவரிடம், வரைபடத்தில் ‘விட்டம் 60’ என்று மட்டும் எழுதியிருந்தால் இவ்வுருவம் தேறுமா என்று வினவுக. வகுப்பு இரண்டாகப் பிரியும். ஒரு சாராருக்கு உறை விதியையும், மறு சாராருக்குத் தனிநிலை விதியையும் கொடுத்து, தத்தம் முடிவைக் காரணத்துடன் எழுதச் செய்க. அதன்பின் மேலே கூறிய வளைந்த தண்டின் கணக்கைக் கொடுத்து, புஷ்ஷின் நீளம் 10 மி.மீ. மட்டுமே ஆயின் முடிவு எவ்வாறு மாறும் என்று ஆராயச் செய்யலாம். குறுகிய புஷ்ஷில் தண்டின் வளைவு பெரிதாகத் தடை செய்யாது என்பதையும், ஆகவே எந்த விதி வேண்டும் என்பதை உறுப்பின் வேலையே தீர்மானிக்கிறது என்பதையும் அவர்கள் தாமே கண்டறிவர்.

தேர்வுத் தாள்களில் கோடுகளின் தூய்மைக்கும் எழுத்தின் அழகுக்கும் மதிப்பெண் வழங்குவது வழக்கம். தலைப்புக் கட்டத்தில் தரநிலையின் எண்ணும் ஆண்டும் இல்லாத வரைபடம் முழுமை பெறாதது எனக் கொண்டு, அதற்கும் மதிப்பெண் ஒதுக்குதல் தக்கது. பயிற்சிக் காலத்தில் அவ்வரியை எழுதிப் பழகிய மாணவர், பின்னாளில் பட்டறையில் அவ்வரி இல்லாத வரைபடத்தைக் கண்டால் கருவியைக் கையில் எடுக்குமுன் கேள்வி கேட்பார். அக்கேள்விக்குச் செலவு ஏதுமில்லை. அதைக் கேளாமல் விட்டால் நேரும் செலவு, திரும்பி வந்த பெட்டிகளில் தெரியும்.